ஞாயிறு சமைத்ததை வாரம் முழுக்கச் சாப்பிடலாமா?

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இப்போது சமையல் கிழமையாகிவிட்டது. மூன்று நாளைக்குச் சாம்பார், நான்கு டப்பாவில் கோழிக் குழம்பு, வேகவைத்த கொண்டைக்கடலை, நறுக்கிய காய்கள், பிசைந்த சப்பாத்தி மாவு என்று எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் அடுக்கப்படுகின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை சுடவைப்பது மட்டும்தான் வேலை. தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களும், வெளிநாடுகளில் குடியேறிய தமிழர்களும் இதையே செய்கிறார்கள்.

இதைப் பற்றி வீட்டுக்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "பழையது உடம்புக்கு ஆகாது, அன்றன்றைக்குச் சமைத்துச் சாப்பிடு" என்பது பெரியவர்களின் குரல். "ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றும் ஆகாது" என்பது இளையவர்களின் குரல். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அன்றன்றைக்குச் சமைத்ததாக நாம் நினைக்கும் பழைய அடுக்களை, உண்மையில் முன்கூட்டியே பெருமளவில் செய்து வைத்த பொருள்களை நம்பித்தான் இயங்கியது. மாவு, பொடி, வற்றல், ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் அப்படிச் செய்து வைத்தவை. ஆனால் எதை எந்தக் கட்டம் வரை செய்து வைப்பது, எதைச் சாப்பிடும் வேளைக்கு விட்டுவைப்பது என்பதில் அந்த அடுக்களைக்குத் தெளிவான வரையறை இருந்தது. நீண்ட வேலையை முன்னே முடித்துவிட்டு, கடைசிச் சூட்டையும் சீக்கிரம் கெடும் பொருள்களையும் சாப்பாட்டு வேளைக்கு ஒதுக்கினார்கள். ஃபிரிட்ஜ் வந்த பிறகு அந்த வரையறை கைவிட்டுப் போனது. அதை மீட்டுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தாராளமாகச் செய்யலாம். அதற்கான காரணங்களை அறிவியல் வழியாகவும் அடுக்களை வழியாகவும் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பொழுது யாருடையது?

முன்கூட்டிச் சமைப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள், சமையலுக்கு ஆகும் பொழுது யாருடைய வாழ்நாளிலிருந்து போகிறது என்று பார்ப்பதில்லை. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019 கணக்கெடுப்பில் இந்த எண்கள் 299, 97 என்று இருந்தன. ஐந்தாண்டில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களின் பங்கோ அதோடு சேர்ந்து குறைந்திருக்கிறது. இந்த வீட்டு வேலைகளில் சமையலின் பங்கு பெரியது.

ஆகவே சமையல் நேரத்தைச் சுருக்கும் எந்த வழியும் சமூகப் பொருள் உடையது. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சான்று மாவு அரைக்கும் இயந்திரம். கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த மின் கிரைண்டர், பிறகு மேசை மேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்தது. அந்த ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்தில் ஒருவேளை இட்லிக்கே தோள்பட்டை வலிக்கும். வாரத்துக்கான மாவை ஒரே மூச்சில் அரைப்பது கனவிலும் நடக்காது. 2011இல் தமிழக அரசு மிக்ஸியையும் கிரைண்டரையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, வாரத்துக்கு ஒருமுறை மாவரைக்கும் பழக்கம் ஏழை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று பெரும்பாலான தமிழ் வீடுகளில் நடக்கும் மொத்தச் சமையல் என்பது முதலில் இந்த மாவுதான். அதை யாரும் பழையது என்று ஒதுக்குவதில்லை.

கொதித்தும் சாகாதவை

சமைத்த உணவு ஏன் கெடுகிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், வெளியிலிருந்து கிருமி வந்து விழுகிறது என்பது. அது ஓரளவுக்கே சரி. மொத்தச் சமையலில் உண்மையான ஆபத்து பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. சில பாக்டீரியாக்கள் நெருக்கடி வந்தால் ஸ்போர் எனப்படும் உறைவித்தாக மாறிக்கொள்ளும். கொதிக்கும் நீரிலும் அவை சாவதில்லை. அரிசியில், பருப்பில், மசாலாவில், இறைச்சியில் இயல்பாகவே இருக்கும் இந்த வித்துகள் சமையலைத் தாண்டிப் பிழைத்து, உணவு வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும் முளைக்கின்றன. கூட இருந்த மற்றக் கிருமிகளைச் சூடு கொன்றுவிட்டதால் போட்டிக்கும் ஆளில்லை.

சோற்றில் இப்படி முளைப்பது பாசிலஸ் சீரியஸ். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்குத் தொடர்ந்து வாந்தி வந்தபோது ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அந்த உணவகங்கள் அரிசியை மொத்தமாக வேகவைத்து, கட்டி பிடிக்காமல் உதிரியாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜுக்கு வெளியே பல மணி நேரம் வைத்திருந்தன. வாடிக்கையாளர் வந்ததும் எடுத்துச் சட்டியில் வறுத்துக் கொடுத்தன. வறுத்த சூட்டில் பாக்டீரியா செத்திருக்கலாம். அது ஏற்கெனவே உண்டாக்கி வைத்த செருலைட் என்ற நச்சு மட்டும் அழியவில்லை. 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அந்த நச்சு அப்படியே இருக்கும். நம் பிரஷர் குக்கரின் உச்சச் சூடு ஏறத்தாழ அந்த அளவுதான். "நன்றாகச் சுடவைத்துவிட்டால் போதும்" என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது.

இறைச்சிக் குழம்புகளிலும் பெரிய அண்டாக்களில் ஆக்கிய பருப்பிலும் முளைப்பது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ். காற்றில்லாத இடமே அதற்கு விருப்பம். ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம். 43 முதல் 47 டிகிரி வரை வெப்பம் அமைந்தால் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்து, ஒன்று நாலாயிரத்துக்கு மேல் பெருகிவிடும். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஊரே வயிற்றுப்போக்கால் அவதிப்படும் நிகழ்வுகளில் சந்தேகிக்கப்படும் முக்கியக் கிருமிகளில் இதுவும் ஒன்று.

இந்த இரண்டிலும் இன்னொரு தொல்லை உண்டு. ஊசிப்போன சாம்பார் நூல் விடும், நாறும். நாக்கும் மூக்கும் எச்சரித்துவிடும். ஆனால் நோய் தரும் அளவுக்கு இவை பெருகிய உணவு மணத்திலும் சுவையிலும் மாறாமல் இருக்கக்கூடும். முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் பழக்கம் கெட்டுப்போன உணவைக் கண்டுபிடிக்கும். நஞ்சான உணவைக் கண்டுபிடிக்காது.

ஆறும் நேரம்தான் ஆபத்தான நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளில், சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்ற விதி இருக்கிறது. சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல், குளிர வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்ட வெப்பம் கிருமிகளின் விளைநிலம். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது: சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு வர எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நம் ஊரில் இந்த விதியின் முதல் பாதியே கடினமானது. சித்திரை மாதச் சென்னையில் இரவிலும் அறைவெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே உணவு தானாக 21 டிகிரிக்கு வரவே வராது. இரவு எட்டு மணிக்கு இறக்கிவைத்த குழம்பு, விடிய விடிய பாசிலஸ் சீரியஸுக்குப் பிடித்த 28 முதல் 35 டிகிரி வரையான வெப்பத்தில்தான் நிற்கும். குளிர்நாட்டு மக்கள் அடுப்பு மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்களே என்று நாம் ஒப்பிட முடியாது.

இதோடு பாத்திரத்தின் வடிவம் சேர்ந்துகொள்கிறது. சோறு, பொங்கல், கூட்டு போன்ற கெட்டியான உணவுகளில் சூடு உள்ளிருந்து வெளியே மெதுவாகத்தான் நகரும். உணவின் தடிமன் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரு கிண்ணம் பொங்கல் சீக்கிரம் ஆறிவிடும். பத்து லிட்டர்க் குண்டானில் இருக்கும் பொங்கலின் மேல்பகுதி கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதை அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வைத்தாலும் நடுப்பகுதியின் நிலை பெரிதாக மாறுவதில்லை. பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாவதுதான் மிச்சம்.

"சூடு முழுக்க ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு இரவு முழுக்க வெளியே விட்டு, காலையில் எடுத்து உள்ளே வைக்கும் வீடுகள் ஏராளம். செய்ய வேண்டியது வேறு. ஆக்கியதை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமில்லாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்ற வேண்டும். குழம்பானால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தொட்டியில் வைத்துக் கரண்டியால் கிளறிவிட வேண்டும்; தண்ணீர் சூடானதும் மாற்ற வேண்டும். ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். சமையலில் பாதுகாப்பு முழுக்க இந்த அரை மணியில் இருக்கிறது.

இந்த முறை நமக்குப் புதியதும் இல்லை. புளியோதரை கிளறுகிறவர்கள் சோற்றைப் பானையிலேயே விட்டுக் கிளற மாட்டார்கள். பெரிய தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, கரண்டியின் பின்புறத்தால் மெல்லப் பரப்பி, விசிறி ஆறவைத்த பிறகே புளிக்காய்ச்சலைச் சேர்ப்பார்கள். சோறு குழையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்பார்கள். சோற்றை ஆழமில்லாமல் பரப்பிச் சீக்கிரம் ஆறவைக்கும் உணவியல் விதி அந்தத் தாம்பாளத்தில் நடந்தேறிவிடுகிறது.

புளிக்காய்ச்சலும் மாவும் சொல்லும் பாடம்

ஜெர்மானிய உணவியலாளர் லோத்தர் லைஸ்ட்னர் 1970களில் தடைக் கோட்பாடு ஒன்றை வகுத்தார். உணவைக் காக்க ஒரே ஒரு பெரிய தடை வேண்டியதில்லை. அமிலம், உப்பு, நீர்க்குறைவு, குளிர், சூடு என்று பல சிறு தடைகள் சேர்ந்தால் கிருமியால் எல்லாவற்றையும் தாண்ட முடியாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1950களில், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட், உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நீர் கிருமிக்கு எட்டும்படி இருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியிருந்தார். உப்பும் சர்க்கரையும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தூய நீரை 1 என்று கொண்டால், இந்த அளவு 0.85க்குக் கீழே போகும்போது நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.6க்குக் கீழே பூஞ்சையும் வளராது.

புளிக்காய்ச்சல் இந்தக் கோட்பாட்டின் முழு வடிவம். கெட்டியாகக் கரைத்த புளியில் டார்டாரிக் அமிலம் நிறைய. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு அதில் சுமார் 3. நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், மஞ்சள்தூள் போட்டுத் தாளித்து, புளிக்கரைசலை ஊற்றி, உப்புப் போட்டு, நிதானமான தீயில் கொதிக்க விடுகிறார்கள். குமிழி பெரிதாக எழுந்து தெறிப்பது நின்று, குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மிதக்கும்போது பதம் என்று இறக்குகிறார்கள். எண்ணெய் பிரிகிறது என்றால் தளர்ந்த நீர் போய்விட்டது என்று பொருள். அமிலம், உப்பு, நீர்க்குறைவு, மேலே மூடி நிற்கும் எண்ணெய்ப் படலம் என நான்கு தடைகள் சேர்ந்துவிடுகின்றன. "ஈரக் கரண்டி போடாதே" என்று அம்மாக்கள் அதட்டுவதற்கும் காரணம் இதுவே. ஈரம் பட்ட இடத்தில் நீரளவு ஏறி, அங்கேதான் பூசணம் முதலில் பூக்கும். வெந்தயத்தையும் எள்ளையும் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுவது மணத்துக்காக. சோற்றை மட்டும் அன்றன்றைக்கு வடித்து இந்தக் காய்ச்சலைப் பிசைந்தால் போதும். ஒருநாள் வேலையில் ஒரு மாதத்துப் புளிச்சோறு தயார்.

இட்லி மாவு வேறு வகையில் செயல்படுகிறது. உளுந்தோடு இயல்பாக வரும் லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. மாவு பொங்குவது வாயுவால், காக்கப்படுவது அமிலத்தால். புளித்த மாவின் பிஎச் 4.5ஐ ஒட்டி இறங்கும்போது, கேடு செய்யும் வித்துகள் முளைக்க இடமில்லாமல் போகிறது. அந்த மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பு நிற்பதில்லை, மெதுவாகிறது. அதனால்தான் வீடுகளில் ஒரு வரிசை உருவானது: முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்ட ஊத்தப்பம், கடைசியில் தாளித்துக் கொட்டிய குழிப்பணியாரம். மாவின் வயது ஏற ஏற அதற்கேற்ற பலகாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வேளையும் மாவு புதிதாக வேகிறது அல்லது வார்க்கப்படுகிறது. கடைசிச் சூடு சாப்பாட்டுக்குச் சில நிமிடம் முன்புதான்.

வழிப்பயணத்துக்குத் தயிர்ச்சோறு கட்டுகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். மதியம் சாப்பிட வேண்டிய சோற்றில் காலையில் தயிரை நிறைய ஊற்றினால் வெயிலில் புளித்துப்போகும். குழைய வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றி ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்ப்பார்கள். போகும் வழியில் பால் தயிராகும். மதியம் பிரித்தால் பதமாக இருக்கும். தீய கிருமிக்கு இடம் தராமல் நல்ல கிருமியை முதலில் குடியேற்றும் உத்தி அது. இரவுச் சோற்றில் நீரூற்றி வைக்கும் பழையதும் இந்த வகையைச் சேர்ந்ததே. நீர் ஊற்றியதும் சோற்றின் சூடு இறங்குகிறது. இரவுக்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. நீரும் புளிப்பும் இல்லாமல் பானையில் மூடி வைத்த வெறுஞ்சோற்றுக்கு இந்தக் காவல் கிடையாது.

சுண்டவைத்தால் எல்லாம் நிற்குமா?

ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இரவு குழம்பைக் கொதிக்கவைத்து மூடிவைப்பார்கள். காலையில் மறுபடியும் கொதிக்கவைப்பார்கள். குழம்பு நாளுக்கு நாள் சுண்டிக் கெட்டியாகும், சுவையும் கூடும். மறுநாள் மீன்குழம்புக்குத் தமிழர்களிடம் இருக்கும் மதிப்பு ஊரறிந்தது. தென்மாவட்டங்களில் விருந்து முடிந்த மறுநாள் மிஞ்சிய கறிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைக்கும் பழங்கறிக்குத் தனி ரசிகர்கள் உண்டு.

இந்த முறை வேலை செய்வது புளி உள்ள குழம்புகளில். கொதி வந்ததும் வளர்ந்த கிருமிகள் சாகும். சாகாத வித்துகளைப் புளிப்பு முளைக்க விடாது. மீறி முளைத்த மிச்சமும் மறுநாள் மீண்டும் கொதிக்கும்போது போகும். வற்றக்குழம்பும் காரக்குழம்பும் இப்படித்தான் இரண்டு மூன்று நாள் நின்றன. ஆனால் பருப்புக் குழம்பில், தேங்காய் அரைத்துவிட்ட குருமாவில், கோழிக் குழம்பில் அந்தப் புளிப்பு போதுமான அளவுக்கு இல்லை. இரவு கொதிக்கவைத்ததும் வித்துகள் பிழைக்கும். விடிவதற்குள் முளைத்துப் பெருகும். தேங்காய் போட்டது தாங்காது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். வற்றக்குழம்பு தாங்குகிறதே என்று அதே முறையில் கோழிக் குழம்பை வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊருக்கே சமைப்பது

பெருமளவில் சமைப்பதே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாடு அதற்கு மறுப்பாக நிற்கிறது. காமராஜர் ஆட்சியில் 1956இல் விரிவடைந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் நாள்தோறும் பல இலட்சம் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுகின்றன. இவற்றைத் தாங்கி நிற்கும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. சத்துணவு பள்ளி வளாகத்திலேயே ஆக்கப்படுகிறது. அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் தட்டில் விழுவதற்கும் இடையே பொழுது குறைவு. உணவு ஆறி அபாய வெப்பத்தில் நிற்பதற்கு முன்பே பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

பொழுது நீளும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது. பொதுக்கூட்டத்துக்கோ வேலைக்காரர்களுக்கோ விடியற்காலையில் பிரியாணி ஆக்கி, சூடாகவே பொட்டலம் கட்டி, அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்கி, மதியம் இரண்டு மணிக்குக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். பொட்டலங்கள் ஒன்றுக்கொன்று சூட்டைக் காத்துக்கொள்ளும். அந்தச் சூடு 60 டிகிரிக்கு மேலும் நிற்காது, ஆறியும் போகாது. காலை ஏழு மணிக்கு ஹாட்பேக்கில் அடைத்து மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் சாப்பாட்டின் நிலையும் சிறிய அளவில் இதுவே. ஹாட்பேக் இரண்டு மணி நேரத் தேவைக்கு நல்லது. அரை நாளைக்கு உகந்ததில்லை. அதிகாலையில் ஆக்கி மதியம் தர வேண்டிய கட்டாயம் இருந்தால் புளியோதரையும் தயிர்ச்சோறும் எலுமிச்சைச் சோறும்தான் சரியான தேர்வு. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போன தலைமுறைகள் இதைத்தான் தேர்ந்தெடுத்தன.

ஃபிரிட்ஜின் எல்லை

இந்தியாவில் தயாரான முதல் ஃபிரிட்ஜை கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் வெளியிட்டது. அதன் பிறகு வந்த தலைமுறைகள் அதைக் காலத்தையே நிறுத்தும் பெட்டியாக எண்ணத் தொடங்கின. 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான கிருமிகள் மெதுவாகின்றன, அவ்வளவே. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளுக்கு அது பெரிய ஆபத்து. சமைத்த உணவை ஃபிரிட்ஜில் மூன்று அல்லது நான்கு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. சோற்றுக்கு பிரிட்டன் இன்னும் கண்டிப்பானது: ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் ஞாயிறு ஆக்கிய கோழிக் குழம்பு புதன்கிழமையோடு சரி. வெள்ளிக்கிழமைக்கு வேண்டியதை ஞாயிறன்றே ஃபிரீசரில் வைத்துவிட வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளர்வது நின்றுபோகிறது.

அந்த 5 டிகிரியும் நம் வீடுகளில் உறுதியில்லை. குளிர்காற்று சுற்ற இடமில்லாமல் அடைத்து வைத்த ஃபிரிட்ஜ், அடிக்கடி திறக்கும் கதவு, கோடைகால மின்வெட்டு எல்லாம் சேர்ந்து அதை 8, 10 டிகிரி வரை கொண்டுபோகும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். 2018 நவம்பரில் கஜா புயலடித்த டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. குளிரை மட்டுமே நம்பிச் சேமித்த உணவெல்லாம் அந்த நாள்களில் குப்பைக்குப் போனது. அலமாரியில் இருந்த பருப்புப்பொடியும் ஊறுகாயும் வற்றலும் அப்படியே இருந்தன. ஒரே தடையை நம்புவதற்கும் பல தடைகளை நம்புவதற்கும் உள்ள வேறுபாடு புயலில் தெரிந்தது.

எதை முன்னே செய்வது, எதை விட்டுவைப்பது

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு ஒரு முறை கிடைக்கிறது. பொழுதைத் தின்னும் வேலைகளில் பெரும்பாலானவை உணவைக் கெடாத கட்டத்தில் நிறுத்தக்கூடியவை. வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரிய வதக்கிய தொக்கு, கெட்டியான புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, இஞ்சி பூண்டு விழுது, அரைத்த மாவு ஆகியவை தயாராக இருந்தால் மூன்று நேர வேலை ஒரு நேர வேலையாகச் சுருங்கும். வேகவைத்த துவரம்பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஒருவேளைக்கான அளவில் சிறு டப்பாக்களில் ஃபிரீசரில் வைக்கலாம், தரம் குறையாது. திங்கட்கிழமை மாலை அந்தப் பருப்பையும் புளிக்கரைசலையும் சேர்த்துக் கொதிக்கவைத்துத் தாளித்தால் இருபது நிமிடத்தில் புதுச் சாம்பார்.

முழுதாகச் சமைத்து வைக்க ஏற்றவை தேங்காய் சேர்க்காத இறைச்சிக் குழம்பு, ராஜ்மா, சென்னா போன்றவை. தேங்காய் விழுதை வேளைக்கு வேளை அரைத்துச் சேர்ப்பது நல்லது. உருளைக்கிழங்கு ஃபிரீசரில் மாவாகும். தயிர் சேர்த்தவை திரியும். கீரை அன்றைக்கு ஆக்கி அன்றைக்கே தீர வேண்டியது. நறுக்கி வைத்தாலே அதன் வைட்டமின் சி குறையத் தொடங்கும். எடுத்துச் சுடவைக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நடுப்பகுதி வரை ஆவி பறக்கும்படி, 75 டிகிரிக்காவது சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் பாதியில் எடுத்துக் கிளறிவிட வேண்டும். அது உணவை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. மிஞ்சியதை மறுபடி ஃபிரிட்ஜுக்கு அனுப்பக் கூடாது.

பழையதெல்லாம் சத்துக் கெட்டது என்பதும் உண்மையில்லை. வேகவைத்த சோறு குளிரும்போது அதன் மாச்சத்தில் ஒரு பகுதி செரிமானத்துக்கு எளிதில் இடம் தராத வடிவத்துக்கு மாறுகிறது. இந்தோனேசியாவில் செய்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், அப்போதே ஆக்கிய 100 கிராம் சோற்றில் 0.64 கிராமாக இருந்த இந்த மாச்சத்து, 4 டிகிரியில் ஒரு நாள் வைத்துச் சுடவைத்த சோற்றில் 1.65 கிராமாக இருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறுவதும் குறைந்தது. ஆனால் சோறு சீக்கிரம் ஆறி உடனே குளிருக்குள் போயிருந்தால்தான் இந்த நன்மையைப் பேச முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மொத்தச் சமையல் பெண்ணின் சுமையைக் குறைக்க வந்த வழி. ஐந்து நாள் வேலையை அவளுடைய ஒரே ஓய்வுநாளில் திணித்தால் அது சுமையின் இடமாற்றம் மட்டுமே. பருப்பு ஊறவைப்பது, காய் நறுக்குவது, பூண்டு உரிப்பது, குழம்பை அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைப்பது, டப்பாவில் தேதி எழுதி ஒட்டுவது எதற்கும் தனித் திறமை வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆணும் பிள்ளைகளும் செய்யலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை சமைக்கத் திட்டமிடும்போது அடுப்பில் ஆகும் நேரத்தோடு ஆறவைக்கும் அரை மணியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த அரை மணி வேலையை, சமைக்காத ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும்.